வெனிஸ் நகரில் ஒரு நாள்

பேருந்து இல்லை. கார் இல்லை. ஆட்டோ இல்லை. சைக்கிள் ஓட்டவும் அனுமதி இல்லை. இப்படி ஒரு நகரம் இருக்க முடியுமா? இருக்கிறது. அதன் பெயர் வெனிஸ்.

வெனிஸ் நகரம் இத்தாலி நாட்டில் உள்ளது. இத்தாலி, ஐரோப்பாவின் தெற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் நாடு. அதன் வடகிழக்கு ஓரத்தில் ஒரு காயல் இருக்கிறது. கடல்நீர் உள்ளே புகுந்து பரந்து கிடக்கும் ஆழம் குறைந்த இடத்தைக் காயல் என்பார்கள். அந்தக் காயலின் நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். தீவுகளுக்கு இடையே கால்வாய்கள். கால்வாய்களைக் கடக்க நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். இவை எல்லாம் சேர்ந்ததுதான் வெனிஸ்.

தண்ணீருக்கு நடுவே போய் ஏன் ஊர் கட்டினார்கள்? உயிர் பிழைக்கத்தான். சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலியின் வடக்கே இருந்து படைகள் வந்தன. ஊர்களைக் கொள்ளையடித்தன. மக்கள் பயந்து காயலுக்குள் ஓடினார்கள். குதிரைப் படையால் தண்ணீரைத் தாண்டி வர முடியவில்லை. சேற்றுத் தீவுகளில் மக்கள் குடிசை போட்டார்கள். மீன் பிடித்தார்கள். உப்பு எடுத்தார்கள். படகு கட்டினார்கள். பிறகு கடல் கடந்து வியாபாரம் செய்தார்கள். குடிசைகள் இருந்த இடத்தில் மாளிகைகள் எழுந்தன.

இன்று உலகம் முழுவதிலும் இருந்து மக்கள் வெனிசைப் பார்க்க வருகிறார்கள். பலர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுவார்கள். அவர்களை அழைத்துப் போய்க் காட்டுவதற்கு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். பரீட்சை எழுதி உரிமம் பெற்றவர்கள் அவர்கள். அப்படி ஒரு வழிகாட்டியோடு போனால் ஒரு நாளில் என்னென்ன பார்க்கலாம்?

காலை: ரயில் நிலையம்

கரையிலிருந்து தீவுக்கு 3 கிலோமீட்டருக்கும் நீளமான ரயில் பாலம் இருக்கிறது. அது 1846-ல் திறக்கப்பட்டது. ரயில் தண்ணீருக்கு மேலே ஓடி வந்து நிற்கும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே சாலை இருக்காது. பெரிய கால்வாய் இருக்கும்.

வழிகாட்டி ஒரு குடையை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். கூட்டத்தில் யாரும் வழி தவறிவிடாமல் இருக்க அதுதான் அடையாளம். ஒரு வழிகாட்டி 25 பேருக்கு மேல் அழைத்துப் போகக் கூடாது. ஒலிபெருக்கி வைத்துப் பேசக் கூடாது. 2024-ல் நகராட்சி போட்ட விதி இது. தெருக்கள் மிகவும் குறுகல். ஒரு கூட்டம் நின்றால் ஊர்க்காரர்கள் போக வழி இருக்காது. அதனால்தான் இந்த விதி.

கால்வாயில் படகுகள் போய்க்கொண்டே இருக்கும். காய்கறி படகில் வரும். கடிதமும் பார்சலும் படகில் வரும். குப்பையைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆம்புலன்சும் படகுதான். தீயணைப்பு வண்டியும் படகுதான். ஒருவர் இறந்துவிட்டால் அவரது கடைசிப் பயணமும் படகில்தான். இடுகாடு தனியாக ஒரு தீவில் இருக்கிறது.

படகிலிருந்து இறக்கிய மூட்டைகளைக் கைவண்டியில் வைத்துத் தள்ளுவார்கள். பாலத்துக்குப் பாலம் படி ஏற வேண்டும், இறங்க வேண்டும். படி ஏறுவதற்கு என்றே அந்த வண்டிகளின் முன்பக்கம் சிறு சக்கரங்கள் வைத்திருப்பார்கள். விடியற்காலையில் இந்த வண்டிகள் ஓடவில்லை என்றால் பகலில் எந்தக் கடையும் திறக்காது.

பூட்டி வைத்த தெரு

ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு சிறிய தீவு வரும். சுற்றிலும் கால்வாய். நடுவே ஒரு திடல். திடலைச் சுற்றி உயர உயரமான வீடுகள். சில வீடுகளுக்கு ஏழு மாடி இருக்கும். மாடிகளோ மிகத் தாழ்வானவை. கை தூக்கினால் கூரை இடிக்கும் போல இருக்கும்.

ஏன் இப்படிக் கட்டினார்கள்? 1516-ல் வெனிஸ் அரசு ஓர் ஆணை போட்டது. நகரில் உள்ள யூதர்கள் எல்லோரும் இந்த ஒரு தீவில்தான் குடியிருக்க வேண்டும் என்றது. பகலில் வெளியே போய் வேலை செய்யலாம். இருட்டினால் உள்ளே வந்துவிட வேண்டும். வாசலைப் பூட்டிக் காவல் போட்டார்கள். அந்தக் காவலர்களின் கூலியையும் யூதர்கள்தான் கொடுக்க வேண்டும்!

அவர்கள் செய்யலாம் என்று விட்ட தொழில்களும் சிலதான். பழைய துணி விற்கலாம். அடகு பிடித்துக் கடன் கொடுக்கலாம். வைத்தியம் பார்க்கலாம். வைத்தியர்கள் மட்டும் இரவில் நோயாளிகளைப் பார்க்க வெளியே போகலாம்.

குடும்பங்கள் பெருகின. இடம் பெருகவில்லை. ஆகவே மாடிமேல் மாடி கட்டினார்கள். தாழ்வான கூரைக்குக் காரணம் அதுதான்.

இந்த இடத்தின் பெயர் ‘கெட்டோ’. இங்கே முன்பு உலோகம் உருக்கி வார்க்கும் பட்டறை இருந்தது. அதிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று பலர் சொல்கிறார்கள். பிறகு உலகில் எங்கே ஒரு கூட்டத்தாரை ஒதுக்கி வைத்தாலும் அந்த இடத்தைக் ‘கெட்டோ’ என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது.

1797-ல் பிரெஞ்சுப் படை நகரத்துக்குள் வந்தது. வாசல் கதவுகளைப் பெயர்த்துப் போட்டார்கள். ஆனால் துன்பம் அத்தோடு தீரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1943, 1944 ஆண்டுகளில், வெனிசிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்துக் கொலை முகாம்களுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களின் நினைவுச் சின்னம் திடலின் சுவரில் இருக்கிறது. வழிகாட்டி அங்கே சற்று நேரம் பேசாமல் நிற்பார். கூட்டமும் அமைதியாக நிற்கும்.

தண்ணீரில் வீடு நிற்பது எப்படி?

அடுத்துப் படகுப் பயணம். பெரிய கால்வாய் நகரத்தின் நடுவே பாம்பு போல வளைந்து போகிறது. நீளம் சுமார் 4 கிலோமீட்டர். இருபுறமும் மாளிகைகள். அவற்றின் வாசற்படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன.

படகில் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். சேற்றில் இவ்வளவு பெரிய கட்டடம் எப்படி நிற்கிறது?

வெனிஸ் மக்கள் செய்தது இதுதான். மலைக்காடுகளில் மரம் வெட்டினார்கள். மரங்களைக் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். ஒரு முனையைக் கூராகச் சீவினார்கள். அந்த மரங்களை நெருக்கமாகச் சேற்றில் அடித்து இறக்கினார்கள். அடிப்பதற்கு எந்திரம் கிடையாது. கனமான கட்டையை ஆட்கள் சேர்ந்து தூக்கித் தூக்கிப் போடுவார்கள். எல்லோருடைய கையும் ஒன்றாக இயங்க வேண்டும். அதற்காகப் பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பார்கள். மரங்களின் மேல் பலகை பரப்புவார்கள். பலகைமேல் கடல்நீர் எளிதில் அரிக்காத வெள்ளைக் கல்லை அடுக்குவார்கள். அதற்குமேல் செங்கல் சுவர் எழும்பும்.

மரம் மக்கிப் போகாதா? மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். தண்ணீருக்குள், சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் மரம் எளிதில் மக்குவதில்லை. பல நூறு ஆண்டுகளாக மரமும் சேறும் நீரும் சேர்ந்து நகரத்தைத் தாங்கி நிற்கின்றன. மெல்ல மெல்லக் கெடுவதும் உண்டு. ஆகவே கால்வாயை அடைத்து, நீரை இறைத்து, அடிச் சுவர்களைப் பழுது பார்ப்பார்கள். இந்த வேலை முடிவதே இல்லை.

விசைப்படகுகள் வேகமாகப் போனால் அலை எழும். அலை சுவரில் மோதும். கல்லுக்கு இடையே உள்ள காரை கரையும். அதனால் படகுகளுக்கு வேகக் கட்டுப்பாடு இருக்கிறது.

நீளமான கறுப்புப் படகுகளும் கண்ணில் படும். அவற்றின் பெயர் கோண்டோலா. ஒவ்வொன்றும் சுமார் 11 மீட்டர் நீளம். ஒருவர் பின்னால் நின்றுகொண்டு ஒரே துடுப்பால் தள்ளுவார். ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் படகு திரும்பிவிடும் அல்லவா? அதற்காகவே படகின் இடப்பக்கத்தை வலப்பக்கத்தைவிட அகலமாகக் கட்டுகிறார்கள். இப்போது படகு நேராகப் போகும். பல நூறு ஆண்டுகளாக ஆண்கள் மட்டுமே செய்த தொழில் இது. 2010-ல் முதல் முறையாக ஒரு பெண் இதற்கு உரிமம் பெற்றார்.

சந்தையும் பாலமும்

படகு ரியால்டோ என்ற இடத்தில் நிற்கும். இங்கே பல நூறு ஆண்டுகளாகச் சந்தை நடக்கிறது. மீன், காய், பழம் எல்லாம் கிடைக்கும். மீன் சந்தையின் சுவரில் ஒரு பழைய கல் பதித்திருக்கிறது. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள். குஞ்சு மீனைப் பிடித்து விற்றால் நாளைக்கு மீன் இருக்காது. இதை அந்தக் காலத்திலேயே சட்டமாக எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள்.

இந்தச் சந்தைக்கும் இந்தியாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. நம் நாட்டு மிளகு இங்கே விலைபோனது. மலபார்க் கரையில் விளைந்த மிளகை அரபு வணிகர்கள் கப்பலில் ஏற்றிச் செங்கடல் வழியாக எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். எகிப்தின் துறைமுகத்தில் வெனிஸ் வணிகர்கள் அதை வாங்கினார்கள். பிறகு ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். கால்வாயின் இருபுறமும் நிற்கும் மாளிகைகளில் மிளகு விற்ற காசும் கலந்திருக்கிறது. 1498-ல் போர்ச்சுகல் நாட்டு வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். இந்தச் செய்தி வெனிஸ் வணிகர்களைக் கலங்க வைத்தது. இனி மிளகு வேறு வழியில் போகும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

மார்க்கோ போலோவின் வீடும் ரியால்டோவுக்கு அருகில்தான் இருந்தது. அவர் 1271-ல் வெனிசிலிருந்து புறப்பட்டார். சீனா வரை போனார். 1295-ல் திரும்பி வந்தார். வரும் வழியில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்தார். காயல் துறைமுகத்தைப் பற்றியும், கடலில் மூழ்கி முத்து எடுப்பவர்களைப் பற்றியும் அவருடைய நூல் சொல்கிறது. அந்த நூலை அவர் தன் கையால் எழுதவில்லை. ஊர் திரும்பிய பிறகு ஒரு போரில் சிறைப்பட்டார். சிறையில் அவர் சொல்லச் சொல்ல, உடன் இருந்த ஒருவர் எழுதினார். அப்படி எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் பயணக் கதை அவரோடு போயிருக்கும்.

சந்தைக்கு அருகில் ரியால்டோ பாலம். முன்பு இங்கே மரப் பாலம் இருந்தது. 1444-ல் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பாலத்தில் நெருக்கியது. பாரம் தாங்காமல் பாலம் உடைந்தது. இப்போது இருக்கும் கல் பாலத்தை 1588 முதல் 1591 வரை கட்டினார்கள். நடுவில் தூண் கிடையாது. ஒரே வளைவு. பாலத்தின் மேலேயே இரு வரிசையாகக் கடைகள் இருக்கின்றன.

மதியம்: கிணற்றடி

வெயில் ஏறியதும் வழிகாட்டி ஒரு திடலில் கூட்டத்தை உட்கார வைப்பார். நடுவில் செதுக்கு வேலை செய்த கல் கிணறு ஒன்று இருக்கும். இப்போது மூடி போட்டிருப்பார்கள்.

சுற்றிலும் தண்ணீர். ஆனால் எல்லாம் உப்பு. குடிக்க என்ன செய்தார்கள்? மழைநீரைச் சேமித்தார்கள். திடலைத் தோண்டி, அடியிலும் பக்கத்திலும் களிமண் பூசினார்கள். உப்புநீர் உள்ளே வராமல் அது தடுத்தது. பிறகு மணலை நிரப்பினார்கள். நடுவில் செங்கல் கிணறு கட்டினார்கள். திடலில் விழும் மழைநீர் துளைகள் வழியே மணலுக்குள் இறங்கும். மணல் அதை வடிகட்டும். சுத்தமான நீர் கிணற்றில் ஊறும். ஆக, இது ஊற்றுக் கிணறு அல்ல. மழைநீர்க் கிணறு. 1884-ல் கரையிலிருந்து குழாய் வழியாக நீர் வந்தது. அதுவரை ஊரே இந்தக் கிணறுகளை நம்பித்தான் இருந்தது.

புனித மாற்கு சதுக்கம்

அங்கிருந்து சந்து சந்தாக நடந்தால் திடீரென்று ஒரு பெரிய சதுக்கம் வரும். நகரத்தின் முக்கியமான இடம் இது. இங்கேதான் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடத்தின் வேலை 1063-ல் தொடங்கியது. உள்ளே போனால் சுவரும் கூரையும் பொன்னாக மின்னும். தங்கத் தகடு பதித்த சின்னஞ்சிறு கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதித்துப் படம் செய்திருக்கிறார்கள்.

வாசலுக்கு மேலே நான்கு வெண்கலக் குதிரைகள் நிற்கும். அவை வெனிசில் செய்தவை அல்ல. 1204-ல் கான்ஸ்டான்டினோப்பிள் நகரைச் சூறையாடியபோது எடுத்து வந்தவை. 1797-ல் நெப்போலியன் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். 1815-ல் திரும்ப வந்தன. இப்போது உண்மையான குதிரைகள் உள்ளே பாதுகாப்பாக இருக்கின்றன. வெளியே நிற்பவை நகல்கள்.

சதுக்கத்தில் உயரமான மணிக்கூண்டு ஒன்று இருக்கிறது. 1609-ல் கலிலியோ என்ற அறிஞர் இதன் உச்சியிலிருந்து தன் தொலைநோக்கியை ஆட்சியாளர்களுக்குக் காட்டினார். 1902 ஜூலை 14 அன்று காலை இந்தக் கூண்டு அப்படியே இடிந்து விழுந்தது. நல்ல வேளையாக ஒருவரும் சாகவில்லை. அதே இடத்தில் அதே மாதிரி மீண்டும் கட்டி 1912-ல் திறந்தார்கள்.

ஊரிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று இந்தச் சதுக்கம். கடல் பொங்கும்போது முதலில் இங்கேதான் நீர் ஏறும். 1966 நவம்பர் 4 அன்று நீர் 194 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்தது. வீடுகளின் கீழ்த்தளம் எல்லாம் மூழ்கியது. மின்சாரம் நின்றது. 2019 நவம்பர் 12 அன்று மீண்டும் 187 சென்டிமீட்டர் வந்தது.

வெள்ளத்தைத் தடுக்க ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். காயலுக்குள் கடல்நீர் நுழைய மூன்று வாய்கள் இருக்கின்றன. அந்த வாய்களின் அடியில் 78 இரும்புக் கதவுகளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். கதவுகள் உள்ளே கூடானவை. சாதாரண நாளில் அவற்றுக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும். கடல் பொங்கும் என்று தெரிந்தால் உள்ளே காற்றை அடைப்பார்கள். தண்ணீர் வெளியேறும். கதவுகள் மிதந்து எழுந்து சுவர் போல நிற்கும்.

இந்த வேலை 2003-ல் தொடங்கியது. 500 கோடி யூரோவுக்கும் மேல் செலவானது. யூரோ என்பது அங்குள்ள நாணயம். இடையில் லஞ்ச ஊழல் வெளிப்பட்டு 2014-ல் பலர் கைதானார்கள். வேலை தள்ளிப்போனது. கடைசியில் 2020 அக்டோபர் 3 அன்று முதல் முறையாகக் கதவுகள் வெள்ளத்தைத் தடுத்தன. அன்று சதுக்கம் நனையவில்லை.

ஆனால் கவலை தீரவில்லை. பூமி சூடாகிறது. கடல்மட்டம் உயர்கிறது. கதவுகளை மூடவேண்டிய நாட்கள் கூடிக்கொண்டே போகும். அடிக்கடி மூடினால் காயலின் நீர் கடலோடு கலந்து சுத்தமாகாது. கப்பல்களும் காத்திருக்க வேண்டும்.

அரண்மனையும் புத்தகமும்

தேவாலயத்தை ஒட்டி ஆட்சித் தலைவரின் அரண்மனை. வெனிசில் மன்னர் கிடையாது. ‘டோஜ்’ என்ற தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் எல்லோருக்கும் ஓட்டு இல்லை. 1297-க்குப் பிறகு குறிப்பிட்ட பணக்காரக் குடும்பங்களுக்கு மட்டுமே ஆட்சி மன்றத்தில் இடம் என்று ஆக்கிவிட்டார்கள். ஏழைகளுக்கும் பெண்களுக்கும் அதில் பங்கு இல்லை. இந்த ஆட்சி 1797-ல் முடிந்தது.

அரண்மனைச் சுவரில் சிங்க வாய் போன்ற பெட்டிகள் இருக்கின்றன. யார்மீதாவது புகார் என்றால் எழுதி அந்த வாயில் போடலாம். அரண்மனையையும் சிறையையும் ஒரு மூடிய பாலம் இணைக்கிறது. அதன் பெயர் ‘பெருமூச்சுப் பாலம்’. கைதிகள் கடைசியாக வெளிச்சத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்களாம். அதனால் அந்தப் பெயர்.

அரண்மனைக்கு எதிரே ஒரு பழைய நூலகம். புத்தகத் தொழிலில் வெனிசுக்குத் தனி இடம் உண்டு. அச்சு எந்திரம் இங்கே 1469-ல் வந்தது. அப்போது பல புத்தகங்கள் கனமானவை. மேசைமேல் வைத்துத்தான் படிக்க முடியும். ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற அச்சகக்காரர் 1501-ல் கையில் அடங்கும் சிறிய புத்தகங்களை அச்சிட்டார். மடிக்குள் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். நினைத்த இடத்தில் படிக்கலாம். இன்று கையில் பிடித்துப் படிக்கும் சிறு புத்தகங்களுக்கு எல்லாம் அவை மூத்தவை.

நாற்பது நாள்

சதுக்கத்துக்கு எதிரே, பெரிய கால்வாயின் அக்கரையில் வெள்ளைக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம் தெரியும். படகில் போனால் சில நிமிடம்தான். ‘சலூட்டே’ என்பது அதன் பெயர். அந்தச் சொல்லுக்கு ஆரோக்கியம் என்று பொருள்.

1630-ல் வெனிசைக் கொள்ளைநோய் தாக்கியது. நகரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தனர். நோய் நீங்கினால் கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டார்கள். 1631-ல் வேலையைத் தொடங்கினார்கள். இன்றும் ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 21 அன்று பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள். ஊர் மக்கள் நடந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

வேண்டுதல் மட்டும் செய்யவில்லை. நோயைத் தடுக்கவும் வழி தேடினார்கள். 1423-லேயே கொள்ளைநோய் கண்டவர்களுக்குத் தனித் தீவில் மருத்துவமனை வைத்தார்கள். நோய் உள்ள ஊர்களிலிருந்து வரும் கப்பல்களை நாற்பது நாள் தள்ளி நிறுத்தினார்கள். இத்தாலிய மொழியில் ‘குவாரந்தா’ என்றால் நாற்பது. ‘குவாரன்டைன்’ என்ற சொல் அதிலிருந்து வந்தது. 2020-ல் கொரோனா பரவியபோது உலகம் முழுவதும் பேசிய சொல் அதுதான்.

மாலை: மருந்துக்கடையில் ஓர் எண்

பொழுது சாயும்போது கூட்டம் மீண்டும் ரியால்டோ பக்கம் வரும். அங்கே ஒரு மருந்துக்கடை. அதன் சன்னலில் ஓர் எண் மின்னிக்கொண்டிருக்கும். அது விலை அல்ல. வெனிஸ் தீவு நகரில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று காட்டும் எண். 2008 முதல் அது அங்கே இருக்கிறது.

1951-ல் இந்தத் தீவு நகரில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022-ல் அது 50,000-க்கும் கீழே இறங்கியது. சன்னலில் உள்ள எண் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

மக்கள் ஏன் வெளியேறுகிறார்கள்? வீட்டு உரிமையாளர் ஒரு குடும்பத்துக்கு வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு தொகை கிடைக்கும். அதையே சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விட்டால் இன்னும் அதிகம் கிடைக்கும். ஆகவே வாடகை ஏறியது. மளிகைக் கடை இருந்த இடத்தில் முகமூடியும் கண்ணாடிப் பொம்மையும் விற்கும் கடை வந்தது. இளம் குடும்பங்கள் கரையில் உள்ள மெஸ்த்ரே பகுதிக்குக் குடிபோயின. நகரில் சமைப்பவர்களும் துப்புரவு செய்பவர்களும் பலர் அங்கிருந்துதான் தினமும் வந்து போகிறார்கள். வங்கதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்களும் அவர்களில் உண்டு. 2023-ல் ஊர் மக்கள் குழு ஒன்று கணக்கு எடுத்தது. சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை, குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது!

சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. படகோட்டிக்கும் வழிகாட்டிக்கும் விடுதியில் வேலை செய்பவருக்கும் சோறு போடுவது சுற்றுலாதான். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் பணம் வேண்டும். ஆகவே நகரம் நடுவழி தேடுகிறது. 2021 ஆகஸ்ட் முதல் மிகப் பெரிய சுற்றுலாக் கப்பல்கள் சதுக்கத்துக்கு முன்னால் வரத் தடை விதித்தார்கள். 2024-ல் கூட்டம் அதிகம் வரும் சில நாட்களில், ஒரு நாள் மட்டும் பார்க்க வருபவர்களிடம் 5 யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். குடியிருப்பவர்களும் அங்கே வேலை செய்பவர்களும் படிப்பவர்களும் கட்ட வேண்டாம். கட்டணம் போதாது, வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஊர் மக்கள் பலர் கேட்கிறார்கள்.

வழிகாட்டிகள் பயணிகளிடம் சில வேண்டுகோள்கள் வைப்பார்கள். சந்துகளில் வலப்பக்கமாக ஒதுங்கி நடங்கள். பாலத்தின் நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். குழாய் நீரைப் பாட்டிலில் பிடித்துக் குடியுங்கள். குப்பையைக் கால்வாயில் போடாதீர்கள். இந்த ஊரில் செய்த பொருளை, செய்தவரிடமே வாங்குங்கள்.

கடைசி ரயில்கள் புறப்பட்ட பிறகு தெருக்கள் வெறிச்சோடும். கால்வாயில் அலை அடங்கும். சில சன்னல்களில் மட்டும் விளக்கு எரியும். சேற்றில் மரம் அடித்து, மழைநீரைத் தேக்கி, கொள்ளைநோயைத் தாங்கி, இடிந்த கூண்டை மீண்டும் எழுப்பி இந்த நகரத்தைக் காத்தவர்கள் இங்கே வாழ்ந்த மக்கள். கடலைத் தடுக்கக் கதவு செய்துவிட்டார்கள். மக்கள் ஊரை விட்டுப் போகாமல் இருக்க என்ன செய்வது? வெனிஸ் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறது.

கலந்து பேசுங்கள்

1. வெனிஸ் மக்கள் குடிநீருக்கு என்ன செய்தார்கள்? உங்கள் ஊரில் மழைநீர் எங்கே போகிறது?

2. ஒரு கூட்டத்தாரை ஊரில் ஒதுக்கி வைப்பது சரியா? அப்படிப்பட்ட வழக்கம் நீங்கள் பார்த்தது உண்டா?

3. உங்கள் பக்கத்தில் வெளியூர் மக்கள் அதிகம் வரும் கோயில், கடற்கரை, மலை எது? அவர்கள் வருவதால் ஊருக்கு என்ன நன்மை? என்ன தொல்லை?

4. உங்கள் ஊரை விட்டு வெளியேறியவர்கள் எத்தனை பேர்? ஏன் போனார்கள்? கணக்கு எடுத்து எழுதிப் பாருங்கள்.